கீச்சான்: பூஜ்யம்

ஹர்யு பண்ணை, பெல்டோ ஊர், மேல் மிச்சிகன்
2003 ஏப்ரல் 29

சைமா,

உறையைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. சண்டையைத் தொடர எழுதவில்லை. சமாதானத்துக்கும் எழுதவில்லை. ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது, அதைப் போனில் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் எங்கள் லைன் சரியில்லை. எதிரில் பேசுகிறவர்கள் வாயில் கம்பளியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது.

செய்தி இதுதான். நம் சதுப்பில் கீச்சான் தவளைகள் இல்லை.

சனிக்கிழமை இந்த வருஷத்து முதல் சுற்று போனேன். உன் அண்ணன் வைனோ இல்லாமல் நான் போன முதல் சுற்றும் அதுதான். வேலை உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் கிளம்பி பத்து இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் இன்ஜினை அணைத்து, பிக்கப்பின் பின்பலகையை இறக்கி, அதில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். காதில் விழுந்தது எந்தத் தவளை, எந்தத் தேரை என்று, மாநிலத் தவளைக் கணக்குக்காக லான்சிங் அலுவலகத்துக்கு அனுப்புகிற தாளில் குறிக்க வேண்டும். தனித்தனியாக எண்ண முடிந்தால் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் இரண்டு, எண்ணவே முடியாத கூச்சலாக இருந்தால் மூன்று. இரண்டு பேர் போனால் இரண்டு தாள். பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. கேட்டதைத்தான் எழுத வேண்டும். ஒரு வருஷம் நீ எங்களோடு வந்து, பாதியில் "அண்ணி, கேளுங்க கேளுங்க!" என்று கத்தி, அந்த நிறுத்தத்தையே நான் ரத்து செய்ததும் நீ ஊர் போய்ச் சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் நினைவிருக்கும்.

காட்டுத் தவளை நன்றாகக் கேட்டது. வாத்துக் கூட்டம் ஊர்வம்பு பேசுகிற அதே சத்தம். புள்ளித் தவளை குறட்டை விட்டது. நம் வீட்டுச் சதுப்பு ஆறாவது நிறுத்தம். மற்ற இடங்களில் கீச்சான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதில்லை. நம் சதுப்பு கீச்சானுக்கென்றே பேர் வாங்கியது, வருஷா வருஷம் மூன்று. குளிர் இல்லை, காற்றும் இல்லை. ஐந்து நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

நீ அந்தக் கரையில் பிறந்தவள். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். வருத்தமா என்று கேட்காதே. எனக்கு எதுவும் எப்படியும் இல்லை. இறைச்சி அடைத்த பாஸ்டியை அடுப்பிலிருந்து எடுத்து நின்றபடியே தின்கிறேன், அது உப்பா சப்பா என்றுகூடத் தெரிவதில்லை.

ஐலி


டுலூத்
மே 6

அண்ணி,

கிழிக்கத்தான் நினைத்தேன். கடையில் ஒருத்தி தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள், என் கையெல்லாம் ஈரம். அதனால் கடிதம் தப்பித்தது.

அண்ணன் போய் ஒரு குளிர்காலம் முழுக்கக் கழிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டுகூட இல்லை. கடைசியில் ஒரு கடிதம் வருகிறது, பிரித்தால் தவளை! உங்களை நான் என்ன சொல்ல.

சர்ச்சில் நான் பேசியது தப்புதான். "என் அண்ணனப் பொதைச்சுட்டு வந்து ஏலக்காய் ரொட்டி வெட்டிக்கிட்டு நிக்கிறீங்களே அண்ணி, நெஞ்சுல என்ன இருக்கு, கல்லா?" என்று அத்தனை பேர் காப்பி குடிக்கிற இடத்தில் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதிரியார் அழுதார். ரூடி கொஸ்கி அழுதான், அவனுக்கு அண்ணனோடு ஆகவே ஆகாது. நீங்கள் ரொட்டித் துண்டுகளை எல்லாம் ஒரே கனமாக வெட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். அன்றைக்கு இல்லாவிட்டால் போகட்டும், அதற்கு அப்புறமாவது அண்ணனுக்காக ஒரு சொட்டு அழுதீர்களா?

கீச்சான் இல்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் சின்னவளாக இருந்தபோது அந்தச் சத்தத்தில் அப்பா பேசுவது கேட்காது. கட்டைவிரல் நகம் அளவு உடம்பை வைத்துக்கொண்டு அதுகள் போடுகிற கூச்சல்! எங்கே போயிருக்கும்?

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதீர்கள். அடுத்த சுற்றுக்குத் தனியாகப் போகாதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்கார ஹில்யா வருவாள்.

சைமா


பெல்டோ
மே 26

சைமா,

அழுதேனா என்று கேட்டாய். இல்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. வராததை எங்கிருந்து கொண்டு வருவேன்? சனிக்கிழமை சாவ்னாவில் அடுப்பை மூட்டி ஆவியில் உட்கார்கிறேன், வியர்க்கிறது, எழுந்து வருகிறேன். அவர் சட்டைகளை மடித்துக் கொடுத்துவிட்டேன். மடிக்கும்போது சட்டை என்றுதான் இருந்தது. கல் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. அந்தச் சுற்று ஒன்றுதான் இன்னும் நான் செய்கிற வேலை மாதிரி இருக்கிறது. மற்றதெல்லாம் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஹில்யாவைக் கூட்டிப் போகச் சொன்னாய். ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு ஹில்யா உட்கார்ந்ததை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

தனியாகத்தான் போனேன். இரண்டாம் சுற்றிலும் கீச்சான் பூஜ்யம். தேரையும் தூரத்தில் எங்கோ இழுப்பது போலத்தான் இருந்தது. அதற்கு ஒன்று போட்டேன்.

இதற்குள் மாவட்டப் பேப்பரில் போட்டுவிட்டார்கள். ஹர்யு சதுப்பில் கீச்சான்கள் மறைந்தன என்று ஒரு மூலையில். ரூடி கொஸ்கி அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். இப்போது அவன்தான் ஊர்ச்சபைத் தலைவர். பக்கத்தில் உட்கார்ந்து கத்திப் பேசினான். எல்லாரும் என்னிடம் கத்துகிறார்கள், துக்க வீட்டுக்காரிக்கு மூளையும் மங்கிவிட்டது என்று நினைப்பு போல.

"ஐலி, இது ஒங்க தாளுதானே?"

"ஆமா."

"அப்ப ஒண்ணுமில்லாத தண்ணிதானே அது? நெரப்பி ரோடு போட்டுட்டா மரம் ஏத்துற லாரி மலைய சுத்திப் போக வேண்டாம். வைனோவே அந்தச் சுத்துல எத்தன தடவ லாரிய ஓட்டிக்கிட்டுத் திட்டியிருப்பான்! இத்தன வருஷமா நீங்க ரெண்டு பேரும் அந்தத் தாளக் காட்டித்தான் ரோடு வரவிடாமப் பண்ணுனீங்க. இப்ப ஒங்க தாளே வேணாம்னு சொல்லுது."

"என் தாளுல இருக்கறது இருக்கு," என்றேன். வேறென்ன சொல்ல? எழுதியது நான். சதுப்பு ஊருக்குச் சொந்தம், கரை மட்டும்தான் நம்முடையது. ஜூன் பதினேழாம் தேதி கூட்டம். அன்றைக்கு முடிவு செய்து, பனிக்கு முன்னால் மண்ணைக் கொட்டிவிடுவார்களாம்.

நான் எதிர்க்கப் போவதில்லை. இல்லாத தவளைக்காக என்னவென்று பேசுவது?

ஐலி


டுலூத்
ஜூன் 2

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பாதியில் பூட்டினேன். ஹில்யாவுக்குப் போன் போட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இல்லாமப் போச்சா? யாரு சொன்னா? இந்த வருஷம் அந்தப் பொடிசுங்க சதுப்பையே தூக்கிக்கிட்டுப் போற மாதிரி கத்துதுங்க. ராத்திரி ஜன்னலத் தொறக்க முடியல. பேப்பர்ல வேற எந்தச் சதுப்பையோ பேர் மாத்திப் போட்டுட்டான்னு நெனச்சேன்." உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஐலி வர்றா, சாமான எடுக்கறா, காச வச்சுட்டுப் போறா. புருஷனப் பறிகொடுத்தவகிட்ட தவளையப் பத்தியா பேசுவாங்க?" என்றாள்.

இனி மூடி வைக்க முடியாது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். அவன் என்னை மன்னிப்பான், நீங்கள் மன்னிப்பீர்களா என்று தெரியவில்லை.

கீச்சான்கள் இருக்கின்றன, அண்ணி. உங்களுக்குத்தான் கேட்கவில்லை. சில வருஷமாகவே கேட்கவில்லை.

அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இங்கே வந்தானே, அப்போது சொன்னான். கன்னம் ஒரு பக்கம் உப்பி, ஐஸ் மூட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, என் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். "சைமா, ஒன் அண்ணிக்குக் கீச்சான் கேக்கறது நின்னு போச்சு. அவளுக்கே தெரியாது. பிளைவுட் மில்லுல ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னு நின்னு, அந்த ஒசரமான சத்தம் மட்டும் காதுல செத்துப் போச்சு. ஒரு வருஷம் அஞ்சு நிமிஷமும் ஒக்காந்து கேட்டுட்டு ஒண்ணுமே எழுதாம தாள மடிச்சா. அடுத்த சுத்துல குளிருதுன்னு சும்மா அவ முழங்கால்ல கைய வச்சேன். அவ்வளவுதான், மூணுன்னு எழுதுறா! அப்பறம் சோதிச்சுப் பாத்தேன். கைய வச்சா அவளுக்குக் கேக்குது. எடுத்தா கேக்கல. நான் என்ன பண்ணட்டும்?"

நேரே சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். "சொன்னா அன்னிக்கே லான்சிங்குக்கு எழுதிப் போட்டுட்டு வேலைய விட்டுருவா. அவளப் பத்தித் தெரியாதா? அப்பறம் வசந்தம் வந்தா சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் எங்க போறது?" என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சூப்பைக் குடித்துவிட்டுத் தூங்கிப் போனான்.

உங்கள் லைன் சரியாகத்தான் இருக்கிறது, அண்ணி. ரூடி கத்தியதும் உங்கள் மூளையைப் பார்த்து அல்ல.

சைமா


பெல்டோ
ஜூன் 5

சைமா,

இரண்டு தாள், ஒரு காது. இத்தனை வருஷமும் லான்சிங்குக்கு நாங்கள் அனுப்பியது அதுதான். அந்த அலுவலகத்து அம்மா எங்களைப் போல ஒத்துப் போகிற ஜோடி மாநிலத்திலேயே இல்லை என்று கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவார்கள். ஒத்துப் போகாமல் என்ன செய்யும்?

ஜாடை காட்டக் கூடாது என்பது விதி. உன்னைக் கத்தியதற்காகத் திட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதே வேலையைக் கையால் செய்திருக்கிறார். அதை நான் பாசம் என்று நினைத்தேன். என் இடது முழங்காலில் வைப்பார். கனமான கை. கல்யாணமாகி இத்தனை காலத்துக்கு அப்புறமும் இந்த மனுஷனுக்கு இருட்டிவிட்டால் ஆசை வருகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கீச்சானுக்கா?

நீங்கள் இரண்டு பேரும் என்னை வைத்துச் சிரித்திருப்பீர்கள்.

ஜூன் 8

மேலே எழுதியதை அனுப்பவில்லை. இன்றைக்குத் தபாலில் போடுகிறேன்.

நேற்று மதியம் தூறலாக இருந்தது. தூறல் என்றால் கீச்சான் பகலிலும் கத்தும். ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சதுப்பின் ஓரமாக இறங்கினேன். கோரைத் தண்டு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனேன். பார்த்துவிட்டேன். முதுகில் பெருக்கல் குறியோடு ஒன்று, தண்டில் ஒட்டிக்கொண்டு. அதன் தொண்டை உப்பியது. சோப்புக் குமிழி மாதிரி, அதன் உடம்பு அளவுக்கே. அடங்கியது. மறுபடி உப்பியது. நான் கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில். ஒன்றும் கேட்கவில்லை. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறது, நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குனிந்து முகத்துக்கு நேரே பார்த்தேன். தண்ணீரில் தூறல் விழுகிற சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. வீட்டுக்கு வந்து காலுறையைப் பிழிந்து போட்டேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

ஐலி


டுலூத்
ஜூன் 11

அண்ணி,

சிரிக்கவில்லை. சொல்லும்போது அண்ணனும் சிரிக்கவில்லை. பல் வலியாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன், கண் கலங்கியிருந்தது.

பதினேழாம் தேதியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயம். கூட்டத்தில் எழுந்து நின்று, எனக்குக் காது கேட்காது என்று சொல்லப் போகிறீர்கள். வேண்டாம் அண்ணி. ஹில்யாவை எழுந்து பேசச் சொல்லுங்கள். சதுப்பு பக்கத்தில் வீடு இருக்கிற நாலு பேரைப் பேசச் சொல்லுங்கள். தாளில் கட்டம் மாறிவிட்டது, தவறுதலாகப் பூஜ்யம் விழுந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? சதுப்பும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்.

காது போனது லான்சிங்குக்குத் தெரிந்தால் உங்களை இந்த வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். இந்தச் சுற்று ஒன்றுதான் வேலை மாதிரி இருக்கிறது என்று நீங்களே எழுதினீர்கள். அதையும் நீங்களே கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? எனக்கு அதுதான் உறுத்துகிறது. கல் என்று சொன்னவள் இதைச் சொல்கிறாளே என்று சிரிக்காதீர்கள்.

ஒரு பொய்தானே. அண்ணன் எத்தனை வருஷம் சொன்னான்.

சைமா


பெல்டோ
ஜூன் 28

சைமா,

சொல்லிவிட்டேன்.

உன் யோசனையை ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். தாளில் கட்டம் மாறவில்லை. நான் கேட்டதைத்தான் எழுதினேன், எனக்குக் கேட்டது பூஜ்யம்தான். அதைத் தவறு என்று சொன்னால் என்னிடம் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

ஊர்ச்சபை ஹாலில் ஏகக் கூட்டம். லாரிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், வைனோவோடு ஓட்டினவர்கள். யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பது எனக்குப் பாதிதான் பிடிபட்டது, வாயைப் பார்த்தே ஊகித்தேன். இத்தனை நாள் இப்படித்தான் ஊகித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ரூடி என் தாளைப் படித்தான். நான் எழுந்தேன்.

"அந்தத் தாளு என்னோடது. அதுல பொய் இல்ல. ஆனா கேட்டது என் காது. என் காதுக்குக் கீச்சான் கேக்காது. பல வருஷமாவே கேக்கல. எனக்கே இப்பத்தான் தெரியும்."

ஹால் அமைதியானதா, கூச்சல் போட்டார்களா என்று என்னைக் கேட்காதே. ரூடியின் வாய் திறந்தபடி இருந்தது. அப்புறம் கத்தினான், என்னிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்று இப்போது அவனுக்குச் சாக்கு கிடைத்துவிட்டதே.

"அப்ப போன வருஷம்? அதுக்கு முந்துன வருஷம்? அதெல்லாம் மூணு மூணுன்னு எழுதியிருக்கீங்களே, அது எப்படி?"

சைமா, அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். லாரிக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். உன் அண்ணன் பொய்யன் என்று அவர்கள் நடுவில் சொல்லவா? அவர் எழுதிய தாள்கள் எல்லாம் நிஜம். அவருக்குக் கேட்டது. என் தாள்தான் இரவல்.

"அவருக்குக் கேட்டது. அவரு பக்கத்துல இருந்தா எனக்கும் கேட்டுச்சு," என்றேன். அது உண்மைதான். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

யாரோ பின்னாலிருந்து சிரிக்கப் பார்த்தார்கள் போல, ஹில்யா திரும்பி ஏதோ சொன்னாள், அடங்கிப் போனார்கள். அவள் சொன்னது நல்ல வார்த்தையாக இருக்காது. அடுத்த வசந்தத்தில் இரண்டு பேர் போய்க் கேட்டுத் தாள் கொடுக்க வேண்டும், அதில் ஒருவருக்காவது காது நன்றாக இருக்க வேண்டும், அதுவரை மண் கொட்டக் கூடாது என்று முடிவானது. ரூடி வெளியே வந்து என் பிக்கப்பின் கதவைத் திறந்துவிட்டான்.

லான்சிங்குக்கும் எழுதிப் போட்டேன். கை வைத்த வருஷங்களில் நான் எழுதிய கீச்சான்களை எல்லாம் அடித்துவிடச் சொன்னேன். வைனோவின் தாள் இருக்கட்டும் என்றேன். அந்த அம்மா பதில் போட்டிருக்கிறார்கள். தாழ்ந்த குரல் தவளைகளை நான் தொடர்ந்து கேட்கலாமாம். உயர்ந்த குரலுக்குத் துணையாக ஒருவர் வேண்டுமாம். காது டாக்டரிடமும் போய் வந்தேன். மெஷின் வைத்தால் மனுஷர் பேச்சு கொஞ்சம் தெளியும், கீச்சான் இருக்கிற உயரத்தில் எழுப்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துணை வேண்டும். ஹில்யா வாயை மூட மாட்டாள். நீ வருவாயா? எனக்காக அல்ல. சதுப்புக்காக.

ஐலி


டுலூத்
நவம்பர் 14

அண்ணி,

அண்ணன் போய் ஒரு வருஷம். காலையில் கடைக்குப் போகவில்லை. ஏலக்காய் ரொட்டி செய்து பார்த்தேன். அடி கருகி, நடுவில் வேகாமல், உங்களுக்கு அனுப்பினால் அடுத்த சண்டை வந்துவிடும்.

ஜூன் மாதம் கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம் இல்லை. உங்களோடு பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க என்னால் ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் வருகிறேன். கத்த மாட்டேன். விதி தெரியும், கையையும் வைக்க மாட்டேன்.

தவளைச் சத்தங்களின் கேசட் வாங்கிக் கடையில் போடுகிறேன். முடி வெட்ட வருகிறவர்கள் இனி வேறு கடைக்குப் போய்விடுவார்கள் போலிருக்கிறது.

சைமா


பெல்டோ
2004 மே 2

சைமா,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் கையுறை ஒன்று சாவ்னாவில் கிடந்தது, இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு தாள்களையும் லான்சிங்குக்கும் ரூடிக்கும் அனுப்பிவிட்டேன். ஆறாவது நிறுத்தம், கீச்சான்: உன் தாளில் மூன்று, என் தாளில் பூஜ்யம். இரண்டும் சரி. ரூடி வந்து மண் கொட்டுகிற பேச்சு இனி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்தில் வந்து, மெதுவாக, வாயைக் காட்டிச் சொன்னான்.

அன்றைக்கு நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் சதுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய், அல்லது பார்ப்பது போல இருந்தாய், அதற்கு நன்றி. அதனால் எழுதுகிறேன்.

நீ விதி தவறவில்லை. ஐந்து நிமிடமும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்தாலே கூச்சல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும் போலிருந்ததால் நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். நேரம் முடிந்து, இரண்டு பேரும் எழுதி, தாளை மடித்த பிறகுதான் நீ என்னைப் பார்த்து, "என்ன அண்ணி எழுதுனீங்க?" என்று கேட்டாய். பூஜ்யம் என்றேன். உடனே என் முழங்காலில் கையை வைத்தாய். "இப்பக் கேளுங்க," என்றாய்.

என் இடது பக்கத்தில் காப்பி பிளாஸ்க்கை வைத்திருந்தேன். அவர் உட்காருகிற இடம் அது. ஏன் அங்கே வைத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, போன வருஷமும் அங்கேதான் வைத்தேன். அதனால் நீ வலது பக்கம் உட்கார்ந்தாய். நீ கை வைத்தது வலது முழங்கால். அதில் இதற்கு முன்னால் யாரும் கை வைத்ததில்லை.

நான் கேட்டேன், சைமா. நிஜமாகவே முயற்சி செய்தேன். உன் கையும் சூடாகத்தான் இருந்தது. சதுப்பு முழுக்க அதுகள் கத்துகின்றன என்று எனக்குத் தெரியும். காட்டுத் தவளை கேட்டது. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது கேட்டது. கீச்சான் கேட்கவில்லை.

அவர் கை வைத்தால் கேட்கும். உன் கை வைத்தால் கேட்கவில்லை. அவர் செத்துப் போய்விட்டார் என்பது அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் தெரியாது. புதைத்துவிட்டு வந்து ரொட்டி வெட்டினவளுக்குத் தெரியாது. சட்டை மடித்தவளுக்கும் தெரியாது.

ஒரு சொட்டாவது அழுதீர்களா என்று கேட்டாயே. நீ பார்த்ததுதான் பதில். அவ்வளவு சத்தமாக அழுதேன் என்று எனக்குத் தெரியவில்லை, என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. தவளைகள் எல்லாம் நின்றுவிட்டன என்று நீ அப்புறம் சொன்னதை நான் நம்பிக்கொள்கிறேன். ஏழாவது நிறுத்தத்துக்குத் தாமதமாகப் போனதைத் தாளில் குறித்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்று இருபத்திரண்டாம் தேதி. வருகிறபோது ரொட்டி எதுவும் சுட்டு எடுத்து வராதே, நான் செய்து வைக்கிறேன். பிளாஸ்க்கை இனி மடியில் வைத்துக்கொள்கிறேன். நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்.

ஐலி